மோயமோயா: குழந்தையின் மூளைக்கு வேறு வழியாக ரத்தம் கொண்டுபோகும் அறுவை சிகிச்சை

நேற்றுவரை ஓடியாடிய குழந்தைக்கு அவ்வப்போது ஒரு கை சில நிமிடங்கள் சோர்ந்து தொங்குகிறது. பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் மோயமோயா என்று ஒரு பெயரைச் சொல்லி, மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். கேட்பவருக்கு ஐயங்கள் அடுக்கடுக்காக எழுவது இயல்பு. நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு இவ்வளவு பெரிய அறுவை? இதயத்துக்குச் செய்வதுபோல அடைப்பில் ஸ்டென்ட் வைத்துவிட முடியாதா? அறுவை முடிந்த பின்னும் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

இந்த ஐயங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். இந்த அறுவை சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதில்லை. சுருங்கிய தமனியைத் தொடுவதுகூட இல்லை. தலைத்தோலுக்கும் தசைக்கும் போய்க்கொண்டிருக்கும் ரத்தத்தில் ஒரு பங்கை மூளையின் மேற்பரப்புக்குத் திருப்பிவிடுவது மட்டுமே அதன் வேலை. ஏன் அப்படிச் சுற்றிவளைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை நோயின் அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

## சுருங்குவது எது, புகை எது

கழுத்தின் இரு பக்கமும் மேலேறும் உட்கரோட்டிட் தமனிகள் மண்டைக்குள் நுழைந்து, மூளையின் அடித்தளத்தை எட்டியதும் முன் மூளைத்தமனி, நடு மூளைத்தமனி என்று இரண்டாகக் கவைக்கின்றன. மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும், அதாவது நடை, கைவேலை, பேச்சு, திட்டமிடும் திறன் ஆகியவற்றை நடத்தும் இடங்கள், பெரும்பாலும் இந்தக் கிளைகளை நம்பியே இருக்கின்றன. மோயமோயா நோயில் சரியாக இந்தக் கவையில்தான் தமனியின் உட்சுவர் தடித்து, உள்விட்டம் சிறுகச் சிறுகக் குறைகிறது. முதியவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் காண்பதுபோன்ற கொழுப்புப் படிவு இங்கே இல்லை. சுவரே உள்நோக்கி வளர்கிறது.

பெரிய வழி சுருங்கும்போது, அடித்தளத்திலுள்ள மயிரிழை போன்ற சிறு தமனிகள் விரிந்து, எண்ணிக்கையிலும் பெருகி, ரத்தத்தை எப்படியாவது மேலே கடத்தப் பார்க்கின்றன. ஆஞ்சியோகிராம் படத்தில் இந்தச் சிறு குழாய்களின் கூட்டம் ஊதிவிட்ட புகைபோல மங்கலாகத் தெரியும். அந்த மங்கலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்தான் மோயமோயா. தகேயுச்சி, ஷிமிஸு என்ற மருத்துவர்கள் 1957இல் இத்தகைய நோயாளியை முதலில் விவரித்தார்கள். 1969இல் சுசுகி, தகாகு இருவரும் இந்தப் பெயரோடு நோயை உலக மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

சுசுகி நோயின் போக்கை ஆறு நிலைகளாகப் பிரித்தார். முதல் நிலையில் கவை மட்டும் சுருங்கியிருக்கும். மூன்றாம் நிலை வரை புகை அடர்ந்துகொண்டே போகும். அதன்பின் குறையத் தொடங்கி, ஆறாம் நிலையில் மறைந்துவிடும். புகை மறைவது நலமடைதலன்று. உட்கரோட்டிட் வழி முற்றிலும் அடைபட்டு, மூளையின் அந்தப் பகுதி முகத்துக்கும் தலைத்தோலுக்கும் ரத்தம் தரும் வெளிக்கரோட்டிட் தமனியின் கிளைகளையும், பின்கழுத்து வழியாக ஏறும் தமனிகளையும் மட்டுமே நம்பி வாழத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். இந்த ஒரு செய்தியில் அறுவை சிகிச்சையின் முழுத் தருக்கமும் அடங்கியிருக்கிறது. வெளிக்கரோட்டிடிலிருந்து மூளைக்கு வழி திறக்க உடலே முயல்கிறது. ஆனால் அது தாமதமாகவும் போதாமலும் முயல்கிறது. இடைப்பட்ட காலத்தில் மூளையின் பகுதிகள் ஒவ்வொன்றாக இறந்துபோகலாம். உடல் கடைசியில் செய்யப் பார்ப்பதை முன்கூட்டியே செய்து கொடுப்பதுதான் அறுவை மருத்துவரின் பணி.

## யாருக்கு வருகிறது

ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் அதிகமாகக் காணப்பட்டாலும் எல்லா இனத்தவருக்கும் வருகிறது. ஜப்பானில் ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கு. ஆண்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெண்களுக்கு வருகிறது. வயதில் இரண்டு உச்சங்கள் உண்டு: 5 முதல் 10 வயதை ஒட்டி ஒன்று, நாற்பதுகளில் மற்றொன்று.

ஆர்என்எஃப்213 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2011இல் வெளிப்பட்டது. ஆனாலும் மரபணு மட்டுமே விளக்கம் ஆகாது. ஜப்பானிய மக்களில் சுமார் 2 சதவீதம் பேர் அந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைகளுக்கு நோய் சிறு வயதிலேயே, கடுமையாக வரும் போக்கு உண்டு. டவுன் சின்ட்ரோம், நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபுநோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை, அரிவாள் செல் சோகை ஆகியவை உள்ள குழந்தைகளுக்கும், மூளைக்கட்டிக்காகத் தலையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இதே தோற்றம் ஏற்பட்டால் அதை மோயமோயா சின்ட்ரோம் என்பார்கள். பெயர் சற்று வேறு. அறுவையின் அடிப்படை ஒன்றே.

## அழும்போது கை ஏன் சோர்கிறது

இந்நோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. பெற்றோர் மட்டுமல்ல, மருத்துவர்களும் அடிக்கடித் தவறவிடும் இடமும் இதுவே.

ஒரு குழந்தை பலூன் ஊதுகிறது. நாலைந்து முறை மூச்சை இழுத்து விட்டபின் வலக்கையிலிருந்து பலூன் நழுவுகிறது. எடுக்கப் பார்க்கிறது, விரல்கள் மடங்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல் குழறுகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி ஊதத் தொடங்கிவிடுகிறது. இதே காட்சி அடம்பிடித்து அழும்போது, புல்லாங்குழல் வாசிக்கும்போது, சூடான உணவை ஊதி ஊதி உண்ணும்போதும் நேரலாம். எல்லாவற்றுக்கும் பொதுவானது வேகமான, ஆழமான மூச்சு.

மூச்சு வேகம் கூடும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் அந்த வாயுவின் அளவைப் பார்த்தே தம் விட்டத்தை மாற்றிக்கொள்பவை. அது குறைந்தால் அவை சுருங்கும். நலமான மூளையில் இந்தச் சுருக்கம் ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் ரத்தம் தேவைக்கு மேலேயே வந்துகொண்டிருக்கிறது. மோயமோயா உள்ள மூளையிலோ, குறைந்த வரத்தை ஈடுகட்டுவதற்காகக் குழாய்கள் ஏற்கெனவே விரிய முடிந்த அளவுக்கு விரிந்துவிட்டன. கையிருப்பு என்று எதுவும் இல்லை. அந்நிலையில் சிறு சுருக்கமும் அந்தப் பகுதியை வேலைநிறுத்தத்தில் தள்ளிவிடுகிறது. செல்கள் இறக்கவில்லை, செயல்படுவதை மட்டும் நிறுத்திவிட்டன. அதனால்தான் மீண்டும் சரியாகிறது. இதைத் தற்காலிக ரத்தக்குறைவு அல்லது மினி ஸ்ட்ரோக் என்பார்கள். குறைவு நீடித்தாலோ ஆழமானாலோ செல்கள் இறக்கின்றன. அது முழுப் பக்கவாதம்.

குழந்தையின் மூளைக்கு எடைக்கு எடை பெரியவர்களைவிட மிக அதிகமான ரத்தம் தேவை. நோயின் முதல் உச்சம் வரும் வயதும் மூளையின் ரத்தத் தேவை உச்சத்தில் இருக்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது.

மற்ற அறிகுறிகள் இவை: ஒருமுறை வலப்பக்கம், மறுமுறை இடப்பக்கம் என்று மாறி மாறி வரும் பலவீனம், வாந்தியோடு கூடிய, குறிப்பாகக் காலை நேரத் தலைவலி, வலிப்பு, கை கால்கள் தன்னிச்சையாக நெளிவது, காரணம் புரியாமல் படிப்பில் பின்தங்குவது. பெரியவர்களுக்கு மூளைக்குள் ரத்தக்கசிவாக வெளிப்படுவது கணிசம்; குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தக்குறைவாகவே வெளிப்படுகிறது. அழும்போது வருவதால் 'நடிப்பு' என்றும், சட்டென வந்து போவதால் வலிப்பு என்றும் எண்ணி மாதங்களைக் கடத்திவிடுவதுண்டு. வலிப்பு என்ற ஐயத்தில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி சோதனை எடுக்கும்போது வழக்கமாகக் குழந்தையை வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். மோயமோயா என்று தெரிந்த குழந்தைக்கு அந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். அது பலூன் ஊதச் சொல்வதற்கு ஒப்பானது.

## சோதனைகள் என்ன சொல்கின்றன

முதல் படி எம்ஆர்ஐ ஸ்கேனும், அதோடு சேர்த்தே எடுக்கப்படும் ரத்தக்குழாய்ப் படமும். கவையின் சுருக்கம், அடித்தளச் சிறு குழாய்கள், ஏற்கெனவே இறந்த பகுதிகள் ஆகியவை இதில் தெரியும். மூளையின் மடிப்புகளில் ரத்தம் தயங்கித் தயங்கி ஓடுவது சில படங்களில் சுவரில் படர்ந்த கொடிபோல வெண்மையாகத் தெரியும்.

அறுவைக்குத் திட்டமிடும்போது தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் தேவைப்படும். நோயை உறுதிப்படுத்த மட்டும் அதை எடுப்பதில்லை. வெளிக்கரோட்டிடின் கிளைகள் மூளையுறை வழியாக ஏற்கெனவே தாமாக வழி திறந்திருந்தால், அவை எங்கே இருக்கின்றன என்று முன்னரே அறிய வேண்டும். மண்டையோட்டைத் திறக்கும் அவசரத்தில் அப்படியொரு கிளையை வெட்டிவிட்டால், உதவப் போய் இருந்ததையும் பறித்ததாகிவிடும்.

ரத்தக் கையிருப்பை அளக்கத் தனிச் சோதனை உண்டு. அசெட்டசோலமைடு என்ற மருந்து மூளைக்குழாய்களை விரியச் செய்யும். அதைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ரத்தஓட்டத்தைப் படமெடுத்தால், நலமான பகுதியில் ஓட்டம் கூடியிருக்கும். கையிருப்பு தீர்ந்த பகுதியில் கூடாது. குழந்தை ஓடியாடினாலும் அறுவையை ஒத்திப்போடக் கூடாது என்று மருத்துவர் சொல்வதற்குப் பெரும்பாலும் இந்தப் படம்தான் அடிப்படை.

## மருந்தும் ஸ்டென்டும் ஏன் போதாது

1. ஆஸ்பிரின் சுருங்கிய இடத்தில் சிறு ரத்தக்கட்டிகள் உருவாவதைக் குறைக்கும். அதனால் பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. ஆனால் சுவர் உள்நோக்கித் தடிப்பதை அது நிறுத்தாது. அப்படி நிறுத்தும் மருந்து எதுவும் இன்று இல்லை.

2. ஸ்டென்ட் என்பது கொழுப்புப் படிவை ஓரமாக ஒதுக்கித் தாங்கி நிற்கும் சாதனம். இங்கே ஒதுக்குவதற்குப் படிவு இல்லை. வளர்ந்துகொண்டேயிருக்கும் சுவர்தான் இருக்கிறது. பலூனும் ஸ்டென்டும் வைத்துப் பார்த்த நோயாளிகளுக்கு மீண்டும் சுருங்கியதும், தமனி கிழிந்து ரத்தம் கசிந்ததும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே அந்த வழி கைவிடப்பட்டது.

3. சும்மா கவனித்து வரலாமே என்ற யோசனை குழந்தைகளைப் பொறுத்தவரை மிகப் பலவீனமானது. நோயின் போக்கு பெரும்பாலும் ஒரு திசையில்தான் செல்கிறது. 3 வயதுக்குக் குறைந்தவர்களிடம் அது இன்னும் வேகமாகச் செல்கிறது.

## இரண்டு வகை அறுவை

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அங்கிருந்து நெற்றிப்பொட்டு வழியாக உச்சந்தலையை நோக்கி ஏறும் தமனியைப் பொட்டுத் தமனி என்று அழைப்போம். இது வெளிக்கரோட்டிடின் கிளை. மோயமோயா பெரும்பாலும் தொடாத கிளை. தலைத்தோலுக்கு வேறு தமனிகளும் ரத்தம் தருவதால் இதன் பங்கைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இதை மூளையோடு எவ்வாறு சேர்ப்பது என்பதில்தான் இரண்டு வகைகள் பிரிகின்றன.

நேரடி இணைப்பு. பொட்டுத் தமனியின் ஒரு கிளையை வெட்டி, அதன் முனையை மூளையின் மேற்பரப்பில் ஓடும் நடு மூளைத்தமனிக் கிளையின் பக்கவாட்டில் திறந்த சிறு துளையோடு தைப்பது. பெருமூளைத் தமனிகளுக்கு இந்த பைபாஸை 1967இல் சூரிச் நகரில் காஸி யாசர்கில் முதன்முதலில் செய்தார். தையல் நுண்ணோக்கியின் கீழ் நடக்கும். குழந்தையிடம் இணைக்கப்படும் இரு குழாய்களும் ஒரு மில்லிமீட்டர் விட்டத்தை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். தைக்கும் நைலான் இழை தலைமுடியைவிட மெலிது. குழாயின் முன்சுவரில் போடும் தையல் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் வழி அடைந்துவிடும். தையல் தளர்ந்தால் கசியும். தைக்கும் வரை அந்த மூளைக்கிளையில் தற்காலிகக் கிளிப்புகள் போட்டு ரத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆகவே மருத்துவரின் கை நிதானமாகவும் இருக்க வேண்டும், வேகமாகவும் இருக்க வேண்டும். கிளிப்பை எடுத்ததும் புதுவழியில் ரத்தம் ஓடுகிறதா என்பதைச் சாயம் செலுத்தி மேசையிலேயே பார்த்துவிடலாம். பலன் உடனே தொடங்குகிறது என்பதே இதன் பெருமை.

மறைமுக இணைப்பு. இங்கே எந்தக் குழாயும் எந்தக் குழாயோடும் தைத்துச் சேர்க்கப்படுவதில்லை. பலரைக் குழப்புவது இதுவே. பொட்டுத் தமனியை வெட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, அதைச் சுற்றியுள்ள மெல்லிய திசுப்பட்டையோடு தலைத்தோலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அதன் கீழே மண்டையோட்டில் ஓர் எலும்புப் பலகையை அறுத்து எடுத்து, மூளையுறையைப் பிளந்து, தமனியை மூளைமேல் படியவைத்து, திசுப்பட்டையை உறையின் விளிம்புகளோடு தைத்துவிடுகிறார்கள். எலும்புப் பலகையைத் திரும்பப் பொருத்தும்போது அதன் இரு முனைகளிலும் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தமனி ஒரு பள்ளம் வழியாக உள்ளே நுழைந்து மறுபள்ளம் வழியாக வெளியேறும். பள்ளம் குறுகலாக இருந்தால் தமனி நெரிபடும் என்பதால் இந்தச் சிறு தச்சுவேலைக்கும் முக்கியத்துவம் உண்டு. ஜப்பானின் மத்சுஷிமா 1980ஐ ஒட்டி உருவாக்கிய இம்முறையை, பாஸ்டனில் மைக்கேல் ஸ்காட் ஒரு படி முன்னே கொண்டுசென்றார்: மூளைமேல் உள்ள சிலந்திவலைப் படலத்தையும் அகலத் திறந்து, தமனியின் வெளிச்சுவரை மூளையின் மேற்பரப்போடு நேரடியாக ஒட்டித் தைப்பது. பொட்டுத் தசையை மூளைமேல் விரிப்பது, மண்டையோட்டில் பல துளைகள் இட்டு உறையையும் திசுவையும் உள்ளே மடித்துவிடுவது போன்ற முறைகளும் இதே குடும்பம்.

படியவைத்த தமனியிலிருந்து ரத்தம் எப்படி மூளைக்குள் போகும்? ரத்தம் போதாத மூளை, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லும் வேதிச் சமிக்ஞைகளைச் சுரக்கிறது. அருகே ரத்தம் நிறைந்த திசு இருந்தால் அதிலிருந்து நுண்குழாய்கள் முளைத்து மூளையின் குழாய்களோடு சேர்கின்றன. வேர்விடும் வேலை என்பதால் வாரங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். பசித்த மூளைதான் இழுக்கும். பசியில்லாத இடத்தில் வைத்தால் வேர் பிடிக்காது. குழந்தைகளிடம் இது பெரியவர்களைவிட நன்றாகவே பிடிக்கிறது.

எது சிறந்தது என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உலகின் பல மையங்களில் அறுவை பெற்ற குழந்தைகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. நேரடி இணைப்பு பெற்றவர்களின் ஆஞ்சியோகிராம் படங்கள் மேலாக இருந்தன. ஆனால் அறிகுறிகள் குறைந்ததில் இரு வகைக்கும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பல மையங்கள் இரண்டையும் ஒரே அறுவையில் சேர்த்தே செய்கின்றன: உடனடிப் பலனுக்கு நேரடி, நாட்பட்ட பரவலுக்கு மறைமுகம். மிகச் சிறு குழந்தைகளிடம் தைப்பதற்கேற்ற குழாயே கிடைக்காமல் போகலாம்; அப்போது மறைமுக முறையே வழி. முறையின் பெயரைவிட, அந்த மையம் எந்த முறையை ஆண்டுதோறும் எத்தனை குழந்தைகளுக்குச் செய்கிறது, மயக்க மருத்துவக் குழு இந்நோயைப் பழகியதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

நடு மூளைத்தமனியின் பகுதிக்கு மட்டும் ரத்தம் சேர்த்தால் போதாத குழந்தைகளும் உண்டு. கால் பலவீனம், நடத்தை மாற்றம், கவனக்குறைவு முன்னிற்கும்போது முன் மூளைத்தமனியின் பகுதிக்கும் நெற்றிக்கு மேலே தனியாக மறைமுக இணைப்பு செய்யப்படலாம்.

## யாருக்கு, எப்போது

1. மினி ஸ்ட்ரோக் அல்லது பக்கவாதம் வந்த குழந்தைக்கு, ரத்தக் கையிருப்பு குறைந்திருந்தால், அறுவை பொதுவாக உறுதியான பரிந்துரை.

2. புதிய பக்கவாதம் வந்த உடனே செய்வது ஆபத்து கூடியது. வீங்கிய மூளை நிலைப்படும் வரை சில வாரங்கள் காத்திருப்பார்கள். காத்திருப்பதும் ஆபத்தே என்பதால் இது கத்திமேல் நடக்கும் முடிவு.

3. இரு பக்கமும் நோய் இருந்தால் அறிகுறி அதிகமுள்ள பக்கத்தை முதலில் செய்து, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறுபக்கத்தைச் செய்வது ஒரு வழக்கம்; ஒரே மயக்கத்தில் இரு பக்கமும் செய்யும் மையங்களும் உண்டு.

4. அறிகுறியே இல்லாமல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட குழந்தை விஷயத்தில்தான் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு. கையிருப்புச் சோதனையும், அடுத்தடுத்த ஸ்கேன்களில் நோய் நகர்கிறதா என்பதும் அங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன.

## அறுவை நாளின் ஆபத்து

இந்த அறுவையில் மிகக் கடினமான பகுதி கத்தியின் முனையில் இல்லை என்று சொல்வது மிகையாகாது. குழந்தையின் மூச்சு, ரத்த அழுத்தம், நீர்ச்சத்து ஆகிய மூன்றையும் ஒரு குறுகிய வரம்புக்குள் நிறுத்திவைப்பதே கடினம்.

மயக்கத்தில் கருவி மூச்சுவிடச் செய்கிறது. பிற மூளை அறுவைகளில் மூளையைத் தளர்த்துவதற்காக மூச்சின் வேகத்தைக் கூட்டிக் கரியமில வாயுவைக் குறைப்பது பழகிப்போன உத்தி. இங்கே அதையே செய்தால் மேசையிலேயே பக்கவாதம் வரலாம். வாயுவின் அளவை இயல்பு நிலையில் வைத்தாக வேண்டும். மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் இறங்குவது சாதாரணம்; இந்தக் குழந்தைக்கு அது சாதாரணமன்று. நள்ளிரவு முதல் வெறும் வயிற்றோடு வைத்தால் நீர் வற்றி ரத்தம் தடிக்கும். ஆகவே முந்தைய மாலையிலிருந்தே நரம்பு வழியாக நீரேற்றம் தொடங்குவார்கள். ஆஸ்பிரினையும் பல மையங்கள் நிறுத்துவதில்லை.

அறுவைக்குப் பின் குழந்தை அழாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி. வலி வந்தால் அழுகை, அழுதால் வேக மூச்சு, வேக மூச்சால் குழாய் சுருக்கம். வலிநிவாரணியை நேரம் தவறாமல் கொடுப்பதற்கும், ஊசி குத்துவதைக் குறைப்பதற்கும், கண் விழிக்கும்போது தாயோ தந்தையோ அருகில் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

நேரடி இணைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெடுங்காலம் குறைந்த ரத்தத்தில் வாழ்ந்த பகுதிக்குத் திடீரென்று ரத்தம் பாயும்போது, சில நாட்கள் பேச்சுக் குழறலோ வலிப்போ தலைவலியோ, அரிதாக ரத்தக்கசிவோ நேரலாம். இது குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம். அறிகுறி ரத்தக்குறைவாலா, ரத்தப்பெருக்காலா என்று பிரித்தறிவது இன்றியமையாதது. ஏனெனில் முன்னதற்கு அழுத்தத்தை உயர்த்த வேண்டும், பின்னதற்கு இறக்க வேண்டும்.

## பலன் எவ்வளவு

மேலே சொன்ன தொகுப்பாய்வில் பின்தொடரப்பட்ட 1,156 பேரில் 1,003 பேருக்கு, அதாவது 87 சதவீதம் பேருக்கு, அறிகுறிகள் மறைந்தோ குறைந்தோ இருந்தன. மைக்கேல் ஸ்காட் குழுவினர் 2004இல் வெளியிட்ட 143 குழந்தைகளின் பதிவு இன்னும் தெளிவான படத்தைத் தருகிறது. அறுவையின் 30 நாட்களுக்குள் 7.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஓராண்டுக்கு மேல் பின்தொடரப்பட்ட 126 பேரில் அதற்குப் பிறகு பக்கவாதம் வந்தவர்கள் 4 பேர் மட்டுமே. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்: ஆபத்து அறுவையை ஒட்டிய நாட்களில் குவிந்திருக்கிறது, அந்தக் கண்டத்தைக் கடந்தவர்களுக்குப் பாதுகாப்பு நீடிக்கிறது.

'பைபாஸால் பயனில்லை என்று ஆய்வு சொல்கிறது' என்ற செய்தியும் கண்ணில் படலாம். 1985இல் வெளியான, 1,377 பேர் பங்கேற்ற புகழ்பெற்ற ஆய்வு உண்மையில் அப்படித்தான் முடிந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் கொழுப்புப் படிவால் தமனி அடைபட்ட பெரியவர்கள். அந்த முடிவை மோயமோயா குழந்தைக்குப் பொருத்துவது தவறு. அதே வேளையில், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் அறுவை, அறுவையின்மை என்று இரு குழுவாகப் பிரித்த ஆய்வு நடந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருக்கும் சான்றுகள் தொடர் பதிவுகளே. நோயின் இயற்கைப் போக்கு மோசமானது என்று தெரிந்த பின் ஒரு குழுவுக்கு அறுவையை மறுப்பது நெறியாகாது என்பதால் அத்தகைய ஆய்வு நடக்கும் வாய்ப்பும் குறைவு.

அறுவை மீட்டுத் தராததும் ஒன்று உண்டு. இறந்துவிட்ட மூளைப்பகுதி திரும்பாது. ஏற்கெனவே வந்த கை பலவீனமும் படிப்புத் தடையும் பயிற்சியால் மட்டுமே ஓரளவு மேம்படும். ஒரு குழந்தையின் பிற்கால அறிவுத்திறனும் கைத்திறனும் பெரும்பாலும் அறுவைக்கு முன் எவ்வளவு மூளை இழக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அதனால்தான் குழந்தை நன்றாக இருக்கும்போதே செய்யச் சொல்கிறார்கள்.

## வீடு திரும்பிய பின்

மறைமுக இணைப்பு வேர்பிடிக்கும் மாதங்களில் மினி ஸ்ட்ரோக் தொடர்ந்து வரலாம்; அதைக் கண்டு அறுவை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அவை மெல்ல இடைவெளி விட்டுக் குறைய வேண்டும். கூடினாலோ, ஒரு முறை வந்த பலவீனம் விலகாமல் நின்றாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த மாதங்களில் பலூன், ஊதுகருவி, மூச்சுவாங்கும் ஓட்டப் போட்டி ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்போது நீர்ச்சத்து இறங்காமல் பார்ப்பது மிக முக்கியம்; வாயால் குடிக்க முடியாவிட்டால் காத்திருக்காமல் நரம்பு வழி நீரேற்ற வேண்டும். ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தைக்கு ஃப்ளூ, சின்னம்மை தடுப்பூசிகள் போடுவது குறித்து மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், ஏனெனில் அந்தத் தொற்றுகளின்போது ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் சின்ட்ரோம் என்ற அரிய நோய்க்கு வழிவிடக்கூடும். ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ரத்தக்குழாயைச் சுருக்குபவை; மூக்கடைப்பு மருந்துகளிலும் அத்தகையவை உண்டு.

ஓராண்டு வாக்கில் எடுக்கும் படத்தில், அறுவை வேர்பிடித்திருந்தால், பொட்டுத் தமனி முன்னைவிடத் தடித்திருக்கும். அதிலிருந்து மூளைமேல் கிளைகள் தூரிகை இழைகள்போலப் பரவியிருக்கும். அடித்தளத்துப் புகை மெலிந்திருக்கும். நடு மூளைத்தமனிப் பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புதுவழி ரத்தம் எட்டினால் அதை நல்ல பலன் என்று தரம் பிரிக்கிறார்கள். மூளையின் அந்தப் பகுதி இனி தலைத்தோலின் ஒரு தமனியை நம்பியிருக்கிறது என்பதால், இறுக்கமான தலைப்பட்டையும், காதுக்கு முன் அழுத்தும் மூக்குக்கண்ணாடிக் காம்பும் கூடாது. பின்னாளில் குடல்வால் அறுவையோ பல் சிகிச்சையோ எதற்காக மயக்கம் கொடுக்க நேர்ந்தாலும், அந்த மருத்துவருக்கு மோயமோயா என்ற சொல்லும், கரியமில வாயு இறங்கக் கூடாது என்ற குறிப்பும், எந்தப் பக்கத்துப் பொட்டுத் தமனி பயன்பட்டது என்ற விவரமும் முதல் தாளிலேயே கிடைக்க வேண்டும்.